பச்சிளங்குழந்தையின் காமாலையும் வெளிறிய மலமும்: பிலியரி அட்ரீசியாவை ஸ்கேன் வழியே கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்கேன் அறைக்குள் காமாலையோடு ஒரு பச்சிளங்குழந்தை வந்தால், மருத்துவச் சீட்டை நான் பிறகுதான் பார்ப்பேன். முதலில் அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு கேள்வி கேட்பேன்: “இன்றைக்கு மலம் போன துணி கையில் இருக்கிறதா?” பெரும்பாலும் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு, மற்ற சாமான்களுக்கு அடியில் வைத்திருப்பார்கள். வெட்கத்தோடு எடுத்து நீட்டுவார்கள். பழைய வேட்டியில் கிழித்த அந்த வெள்ளைத் துணியில் சுண்ணாம்பு குழைத்ததுபோல் மலம் இருந்தால், என் எதிரில் நிற்கும் இயந்திரத்தை நான் வேறு கண்ணோடு இயக்கத் தொடங்குவேன்.

பிலியரி அட்ரீசியா என்பது, கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுவரும் குழாய்கள் அழற்சி கண்டு, தழும்பேறி, அடைத்துப்போகும் பிறவி நோய். வெளியேற வழியில்லாத பித்தம் கல்லீரலிலேயே தேங்கி அதைக் கெடுக்கிறது. அரிய நோய்தான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. தைவானிலும் ஜப்பானிலும் இன்னும் சற்று அதிகம். ஆனால் உலகெங்கும் சிறு குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து கிடையாது. அறுவை சிகிச்சை உண்டு. ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ காசாய் என்ற அறுவை மருத்துவர் 1950களில் வகுத்து 1959இல் வெளியிட்ட முறை இன்றும் அவர் பெயராலேயே ‘காசாய் அறுவை’ என்று வழங்குகிறது. அடைத்துப்போன குழாயை வெட்டி எடுத்துவிட்டுச் சிறுகுடலின் ஒரு துண்டைக் கல்லீரலின் வாசலில் நேரடியாகத் தைத்துவிடுவார்கள். பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பித்தம் ஓடத் தொடங்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. 30, 40 நாட்களில் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. 90 நாட்களைத் தாண்டினால் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது.

ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு பரிசோதனையையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள்: இது என்ன சொல்லப்போகிறது, அதற்காகக் குழந்தையின் நாட்களில் எத்தனையை எடுத்துக்கொள்ளப்போகிறது? ஒரு காகிதத்தில் பிறந்த தேதியையும் 60ஆவது நாளின் தேதியையும் எழுதிக் கோப்பின் முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமே “இன்று இவனுக்கு 34ஆவது நாள்” என்று இருக்கட்டும்.

முதல் படி: பதினான்காம் நாள், பகல் வெளிச்சத்தில்

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் பூக்கும். இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் சிலருக்கு இன்னும் சில வாரங்கள் நீடிக்கும், அதனால் தீங்கில்லை. சிக்கலே இங்கேதான் இருக்கிறது. பிலியரி அட்ரீசியா உள்ள குழந்தை தொடக்கத்தில் நோயாளிபோல இருக்காது. நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், சிரிக்கும். “வெயிலில் காட்டு, சரியாகிவிடும்” என்று பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள், சில நேரம் மருத்துவமனையிலும் சொல்வார்கள். இந்த வகைக் காமாலையை வெயில் தொடாது. கீழாநெல்லிச் சாறும் தொடாது. ஒரு மாதக் குழந்தைக்கு அதைப் புகட்டவே கூடாது.

மலத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் குண்டு விளக்கின் கீழ் எல்லா மலமும் மஞ்சளாகத்தான் தெரியும். கடுகு மஞ்சள், பச்சை, பழுப்பு ஆகிய நிறங்களில் கவலை இல்லை. வெளிர்மஞ்சள், சாம்பல், சந்தனம், சுண்ணாம்பு ஆகியவை ஆபத்தின் நிறங்கள். ஒரு சூட்சுமம் உண்டு: காமாலை முற்றிய குழந்தையின் மலத்தில் மேற்பரப்பு மட்டும் லேசாக மஞ்சள் பூசியதுபோல் இருக்கலாம். ஒரு குச்சியால் பிளந்து உள்ளே பாருங்கள். உண்மை நிறம் அங்கே தெரியும். சிறுநீரும் சொல்லும். பச்சிளங்குழந்தையின் சிறுநீர் தண்ணீர்போல இருக்க வேண்டும், துணியில் கறை விழக் கூடாது. கறை விழுந்து, துவைத்தும் மங்கலாக நின்றால் கவனியுங்கள்.

தைவானில் 2004 முதல் ஒவ்வொரு குழந்தையின் உடல்நலக் கையேட்டிலும் மலத்தின் நிறங்களை அச்சடித்த அட்டை ஒன்றைச் சேர்த்துத் தருகிறார்கள். தாய்மார்கள் துணியை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தொலைபேசியில் சொல்கிறார்கள். அறுவைக்குக் காலத்தோடு வந்துசேரும் குழந்தைகளின் விகிதம் அதற்குப் பிறகு உயர்ந்தது. அச்சுச் செலவு மட்டுமே பிடிக்கும் இப்படி ஓர் அட்டையை நம் ஊர்த் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் ஏன் அச்சிடக் கூடாது என்று எனக்கு வெகுகாலமாக ஆதங்கம். அதுவரை கைப்பேசி போதும். நாளுக்கு ஒரு படம், அதே ஜன்னலுக்கு அருகில், தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: ஸ்கேனுக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள் பிலிருபின். 14 நாட்களுக்குப் பிறகும் காமாலை இருந்தால் ரத்தத்தில் ‘மொத்த பிலிருபின்’ மட்டும் பார்த்தால் போதாது. அதில் கல்லீரல் பதப்படுத்திய பகுதியான ‘நேரடி பிலிருபின்’ தனியாகப் பார்க்கப்பட வேண்டும். அது ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், கல்லீரலிலோ பித்தக் குழாயிலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். உடனே குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவரிடமோ குழந்தைகள் அறுவை மருத்துவரிடமோ போக வேண்டும். மொத்த அளவு குறைவாக இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். மொத்தம் 7, நேரடி 4 என்று வரும் குழந்தையைப் பற்றி எனக்கு இருக்கும் கவலை, மொத்தம் 14, நேரடி 0.5 என்று வரும் குழந்தையைப் பற்றி இருக்காது.

ரத்தம் உறையும் நேரத்தையும் அன்றே பார்த்துவிடுவார்கள். பித்தம் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் சேராது. ‘கே’ குறைந்தால் ரத்தம் உறையாது. தொப்புளில் கசிவு, மூக்கில் ரத்தம், காரணம் தெரியாத கன்றிய தடம், திடீர் வலிப்பு, உச்சிக்குழி புடைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். மூளையில் ரத்தம் கசிந்த பிறகு, அதன் காரணத்தைத் தேடும்போதுதான் இந்நோய் வெளிப்பட்ட குழந்தைகளும் உண்டு.

மூன்றாம் படி: அல்ட்ராசவுண்ட்

வழிகாட்டியின் நடுமுதுகு இதுதான். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. ஆனால் சரியாகத் தயார் செய்யாமல் எடுத்தால், எடுக்காததைவிட மோசம். பொய்யான நிம்மதியைத் தந்துவிடும்.

குழந்தை ஏறத்தாழ 4 மணி நேரம் பால் குடிக்காமல் இருக்க வேண்டும். பால் குடித்தவுடன் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையைப் பார்த்துவிட்டுப் ‘பையே இல்லை’ என்று எழுதிவிடலாம், அல்லது உண்மையிலேயே இல்லாத பையை ‘பால் குடித்ததால் சுருங்கியிருக்கும்’ என்று சொல்லிக் கடந்துவிடலாம். இரண்டுமே நடப்பதுண்டு. காலையில் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். 5 மணிக்குப் பால், 9 மணிக்கு ஸ்கேன். பகல் ஒரு மணிக்கு நேரம் தந்தால் பச்சைக் குழந்தை தாங்காது, நீங்களும் தாங்க மாட்டீர்கள். அழுகிறதே என்று காத்திருப்பு வரிசையில் சர்க்கரைத் தண்ணீரோ கிரைப் வாட்டரோ கொடுத்துவிடாதீர்கள். தேன் எப்போதுமே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து.

எடை மிகக் குறைந்த குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் பட்டினி நேரத்தை மருத்துவரே குறைத்துச் சொல்வார். அதை மட்டும் கேளுங்கள்.

பால் கொடுக்க வசதியான உடையில் தாய் வர வேண்டும், அல்லது பீய்ச்சிய பால் கையில் இருக்க வேண்டும். ஏனென்றால் நல்ல ஸ்கேன் இரண்டு பகுதியாக நடக்கும். பட்டினியில் பித்தப்பையை அளந்து முடித்ததும், அங்கேயே பால் கொடுக்கச் சொல்வோம். குழந்தை அடங்கும், அதன் பிறகு கல்லீரலின் வாசலை நிதானமாகப் பார்க்கலாம். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் கழித்துப் பித்தப்பை சுருங்கியிருக்கிறதா என்று மறுபடி பார்ப்போம். நன்றாகச் சுருங்கினால் நல்ல செய்தி. ஆனால் அது ஒன்றே நோய் இல்லை என்பதற்குச் சான்றாகிவிடாது.

அறை சில்லென்று இருந்தால் குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொல்லத் தயங்காதீர்கள். ஜெல்லை வெதுவெதுப்பாக்கச் சொல்லுங்கள். பெரியவர் வயிற்றுக்குப் பயன்படுத்தும் வளைந்த முனைக் கருவியால் மட்டும் பார்த்தால் இந்த நோயில் போதாது. அதிக அலைவெண் கொண்ட நேர்முனைக் கருவி வேண்டும். நாம் தேடுவதெல்லாம் மில்லிமீட்டர்க் கணக்கில் இருப்பவை.

என்ன தேடுகிறோம்? முதலாவது பித்தப்பை. பட்டினியில் இருக்கும் ஆரோக்கியமான குழந்தைக்கு அது வழவழப்பான, நிறைந்த, சிறு கத்திரிக்காய் வடிவப் பை. உட்சுவர் ஒரே சீராக வெண்கோடு போட்டதுபோல் மின்னும். பிலியரி அட்ரீசியாவில் பை இல்லாமலே இருக்கலாம். அல்லது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவாக, கோணலும் மாணலுமாக, உட்கோடு விட்டுவிட்டு, வற்றிய கொத்தவரங்காய்போல இருக்கலாம். ‘ஆவிப் பித்தப்பை’ என்று எங்கள் தொழிலில் சொல்வதுண்டு: இருப்பதுபோல் தெரியும், இருக்காது.

இரண்டாவது, முக்கோண நார்க்கற்றை. கல்லீரலின் வாசலில், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை பிரியும் இடத்துக்கு முன்னால், தழும்பாகிப்போன பித்தக் குழாயின் எச்சம் வெண்ணிற முக்கோணமாகத் தெரியும். அதன் தடிப்பு 4 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ஏறக்குறைய நோய் உறுதி என்று கொள்ளலாம். ஆனால் அது தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று கொள்ள முடியாது. நோயுள்ள கணிசமான குழந்தைகளிடம், அதுவும் மிக இளம் வயதில், இது தென்படுவதில்லை.

கல்லீரல் தமனி வழக்கத்தைவிடத் தடித்திருக்கிறதா, கல்லீரலின் மேலுறைக்கு அடியில் நிறமிகு ரத்தவோட்டம் தெரிகிறதா என்றும் டாப்ளரில் பார்ப்போம். மண்ணீரல் ஒன்றா, பல துண்டுகளா என்று எண்ணுவோம். இந்நோயுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பல மண்ணீரல்கள், இடம் மாறிய உறுப்புகள், வழி மாறிய பெருஞ்சிரை, இதயக் கோளாறு ஆகியவையும் சேர்ந்திருக்கும். கல்லீரல் வாசலில் நீர்க்கட்டி இருந்தால் அது ‘கொலிடோக்கல் சிஸ்ட்’ என்ற வேறொரு நோயாகவும் இருக்கலாம், அட்ரீசியாவின் கட்டி வகையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அறுவைதான் என்றாலும் அவசரம் வேறு.

இனி, எழுதியே தீர வேண்டிய ஒன்று. அறிக்கையில் ‘பித்தநாளங்கள் விரிவடையவில்லை’ என்று ஒரு வரி வரும். பெரியவர்களுக்குக் கல் அடைத்தால் குழாய் அடைப்புக்கு மேலே வீங்கும்; ஆகவே வீக்கம் இல்லை என்றால் அடைப்பு இல்லை. பிலியரி அட்ரீசியாவில் இந்தக் கணக்கு செல்லாது. கல்லீரலுக்குள் இருக்கும் சிறு குழாய்களையும் நோய் தாக்கியிருப்பதால் அவை வீங்குவதே இல்லை. அந்த வரி இந்நோய்க்கு எதிரான சாட்சி ஆகாது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், 38 நாள் குழந்தை ஒன்றுக்கு, ஒரு நெரிசலான காலையில், ‘பித்தப்பை காணப்படுகிறது, நாளங்கள் விரிவடையவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு வரியை நம்பி ஊருக்குப் போனவர்கள் மறுபடி வந்தபோது குழந்தைக்கு 81 நாள். பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். நான் ‘பை’ என்று குறித்திருந்தது 1.2 சென்டிமீட்டர் நீளம். சுவர் அலையலையாக இருந்தது. அளவை அன்று எழுதவே இல்லை. எழுதியிருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன்: அறிக்கையை வாங்கும்போது அதில் எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எத்தனை மணி நேரப் பட்டினி, பித்தப்பையின் நீளம் எத்தனை, சுவர் எப்படி, பாலுக்குப் பிறகு சுருங்கியதா, நார்க்கற்றை பார்க்கப்பட்டதா, மண்ணீரல் எப்படி. ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்து, மலம் இன்னும் வெளுத்தே வந்தால், துணியை நம்புங்கள். குழந்தைகளுக்கு ஸ்கேன் பார்த்துப் பழகிய இடத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

“ஐந்தாம் மாத ஸ்கேனில் ஏன் சொல்லவில்லை?” என்று கிட்டத்தட்ட எல்லாத் தந்தையரும் கேட்கிறார்கள். அந்த வயதில் குழாய் நூலைவிட மெலிது. கட்டி வகை என்றால் சில நேரம் கருவிலேயே தெரியும். மற்றபடி அந்த ஸ்கேனைக் குறை சொல்லிப் பயனில்லை. தாய் கர்ப்ப காலத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்தது என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை.

நான்காம் படி: சாதாரண எக்ஸ்ரேயும் இதய எக்கோவும்

இரண்டும் பத்து நிமிட வேலை. நெஞ்சு எக்ஸ்ரே எதற்கு என்று கேட்பார்கள். அலஜில் நோய் என்று ஒன்று உண்டு. அதிலும் காமாலை, வெளிறிய மலம் எல்லாம் வரும். ஆனால் அந்தக் குழந்தைகளில் பலருக்கு முதுகெலும்பின் சில கட்டைகள் நடுவில் பிளந்து, எக்ஸ்ரேயில் பட்டாம்பூச்சி வடிவில் தெரியும். எக்கோவில் நுரையீரல் தமனி குறுகியிருக்கும். அவர்களுக்குக் காசாய் அறுவை பயன் தராது, தீங்கும் செய்யலாம். வயிற்றைக் கிழிக்காமல் தடுக்கும் வல்லமை சில நேரம் ஒரு சாதாரண எக்ஸ்ரேக்கு இருக்கிறது.

ஐந்தாம் படி: ஹைடா ஸ்கேன், நாட்கள் மிச்சம் இருந்தால்

அணு மருத்துவத் துறையில் எடுப்பது இது. டெக்னீசியம் கலந்த மெப்ரோஃபெனின் என்ற மருந்தைச் சிரையில் செலுத்துவார்கள். கல்லீரல் அதை உறிஞ்சிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்ப வேண்டும். காமா கேமரா அந்தப் பயணத்தைப் படம் பிடிக்கும். 24 மணி நேரத்துக்குள் குடலில் மருந்து தென்பட்டால் பிலியரி அட்ரீசியா ஏறக்குறைய இல்லை என்று முடிவு செய்துவிடலாம். தென்படவில்லை என்றால்? அங்கேதான் இந்தச் சோதனை கைவிரிக்கிறது. கல்லீரல் அழற்சி கடுமையாக உள்ள குழந்தைக்கும், குழாய் திறந்தே இருந்தாலும், மருந்து குடலுக்கு வராமல் போகலாம்.

இதற்கு முன்னேற்பாடாக ஃபினோபார்பிட்டோன் மருந்தை, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம், 3 முதல் 5 நாள் கொடுப்பது வழக்கம். கல்லீரலைத் தூண்டிவிடும், குழந்தை கொஞ்சம் தூங்கிவழியும். மருத்துவர் எழுதித் தந்த அளவைத் தவிர ஒரு சொட்டும் கூடாது. இங்கே நாட்கணக்கு மறுபடி வருகிறது: ஐந்து நாள் மருந்து, ஒரு நாள் ஸ்கேன், இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாரம் போயிற்று. 25ஆவது நாளில் வரும் குழந்தைக்கு இது சரி. 55ஆவது நாளில் மலம் வெளுத்து, பித்தப்பை வற்றி, நார்க்கற்றையும் தெரிகிற குழந்தைக்கு ஹைடாவுக்காகக் காத்திருப்பது வீண் என்பது என் கருத்து. இன்று பல நாடுகளின் நிபுணர்களும் இதை எல்லாருக்கும் செய்யும் சோதனையாகப் பரிந்துரைப்பதில்லை. “இதைத் தவிர்த்துவிட்டு நேரே அடுத்ததற்குப் போகலாமா?” என்று மருத்துவரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

செய்வதென்றால் ஒரு நடைமுறைக் குறிப்பு. மருந்தின் ஒரு பகுதி சிறுநீரிலும் வெளியேறும். ஈரத் துணியோடு படம் எடுத்தால் இடுப்புப் பகுதியில் ஒளிரும் அந்தச் சிறுநீரைக் ‘குடலில் மருந்து வந்துவிட்டது’ என்று தவறாகப் படிக்க இடமுண்டு. ஒவ்வொரு படத்துக்கும் முன் துணியை மாற்றி, இடுப்பைக் கழுவித் துடைத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் பக்கவாட்டுப் படமும் எடுக்கச் சொல்லலாம். மருந்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. துணி மாற்றிய பின் கை கழுவினால் போதும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அன்று ஒரு நாள் குழந்தையை அவர் மடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆறாம் படி: எம்ஆர்ஐ, பெரும்பாலும் தேவையில்லை

பித்தக் குழாய்களைக் காட்டும் எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ வகை பெரியவர்களுக்கு அருமையான சோதனை. இரண்டு மாதக் குழந்தையின் நல்ல குழாயே ஒரு மில்லிமீட்டர் அகலம்தான். மூச்சை அடக்கச் சொல்லவும் முடியாது. தெரியாத குழாய், இல்லாத குழாயா, அல்லது கண்ணுக்கு எட்டாத குழாயா என்று சொல்வது கடினம். நீர்க்கட்டி இருந்தால் இது நன்றாக உதவும். சிடி ஸ்கேன் இந்த நோயைக் கண்டறிய அநேகமாக எதையும் கூடுதலாகச் சொல்வதில்லை, கதிர்வீச்சும் உண்டு. யாராவது எழுதித் தந்தால் எதற்காக என்று கேளுங்கள்.

எம்ஆர்ஐ எடுப்பதானால் மயக்க மருந்து இல்லாமலே சமாளிக்கும் வழி ஒன்று இருக்கிறது. குழந்தையைப் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் கொண்டுவந்து, வயிறு நிறையப் பால் கொடுத்து, காதை மூடி, துணியில் இறுகச் சுற்றிவிட்டால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட பல குழந்தைகள் அத்தனை சத்தத்திலும் தூங்கிவிடும். முந்தைய இரவே உறங்கவிடாமல் வதைக்க வேண்டாம். காலைத் தூக்கத்தை மட்டும் தள்ளிப்போட்டால் போதும். இதிலும் மருத்துவமனையின் பட்டினி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், பித்தப்பைக்காக அவர்கள் வேறு நேரம் சொல்லக்கூடும்.

உலோகம் எதுவும் உடலில் இருக்கக் கூடாது. நம் வீட்டுக் குழந்தைகள் விஷயத்தில் இது ஒரு நீண்ட பட்டியல்: காப்பு, கொலுசு, அரைஞாணில் கோத்த வெள்ளிக் குண்டுமணி, தாயத்து, திருஷ்டிக்காகத் துணியில் குத்திய ஊக்கு. அரைஞாணைக் கழற்றப் பாட்டிகள் சம்மதிப்பதில்லை. நாங்கள் ஒரு வெறும் கறுப்புக் கயிற்றைத் தயாராக வைத்திருப்போம்; பழையதை அவிழ்க்கும்முன் இதைக் கட்டிவிட்டால் சச்சரவு இல்லை.

ஏழாம் படி: ஊசியால் எடுக்கும் சதைத்துணுக்கு

இது ஸ்கேன் இல்லை என்றாலும் ஸ்கேனின் துணையோடு நடப்பது. ரத்தம் உறையும் தன்மை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் வைட்டமின் கே கொடுத்துவிட்டு, அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்து, மெல்லிய ஊசியால் கல்லீரலில் ஒரு நூலிழை அளவு எடுப்பார்கள். அனுபவமுள்ள நோய்க்குறியியல் மருத்துவர் அதில் பித்தக் குழாய்ப் பெருக்கத்தையும் தேக்கத்தையும் பார்த்துச் சொல்வார். எல்லா மருத்துவமனைகளும் இதைச் செய்வதில்லை. சந்தேகம் வலுவாக இருந்தால் நேரே அடுத்த படிக்குப் போய்விடும் அறுவை மருத்துவர்கள் உண்டு.

எட்டாம் படி: அறுவை மேசையில் எடுக்கும் படம்

கடைசித் தீர்ப்பு இங்கேதான். மயக்கம் கொடுத்து, வலப்பக்க வயிற்றில் சிறு கீறல் போட்டு, அல்லது லேப்பராஸ்கோப் வழியாக, பித்தப்பைக்குள் மெல்லிய குழாயைச் செருகிச் சாயம் செலுத்துவார்கள். தலைக்கு மேல் ‘சி’ வடிவில் வளைந்து நிற்கும் எக்ஸ்ரே இயந்திரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாயம் கீழே குடலுக்கும், மேலே கல்லீரலுக்குள்ளும் மரக்கிளைபோல விரிந்தால் நோய் இல்லை. கீறலைத் தைத்துவிட்டு, ஒரு துணுக்கு எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். எங்கேயாவது நின்றுபோனால் உறுதியாகிவிட்டது. பித்தப்பை வெறும் நார்த் திரியாக, சாயம் செலுத்தவே இடமில்லாமல் இருந்தால் அதுவே விடை.

அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும்போது, படம் எடுப்பதற்கும் தேவைப்பட்டால் அதே மயக்கத்தில் காசாய் செய்வதற்கும் சேர்த்தே சம்மதம் கேட்பார்கள். அதைப் படித்துப் புரிந்துகொண்டு போடுங்கள். இரண்டையும் இரண்டு நாளில் செய்கிற இடமாக இருந்தால் வேறு இடம் உண்டா என்று விசாரிப்பது நல்லது. காசாய் அறுவையை அடிக்கடி செய்து பழகிய கைகளில் முடிவு நன்றாக வருகிறது என்பது பல நாடுகளின் அனுபவம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஆதார், குடும்ப அட்டை நகல்களுக்காக அறுவை தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

60 நாள் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் மனம் உடைந்து திரும்ப வேண்டாம். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்துச் சிலருக்குக் காசாய் செய்வார்கள், சிலரை நேரே கல்லீரல் மாற்றுக்கு ஆயத்தப்படுத்துவார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அறுவை, 1998 நவம்பரில், தில்லி அப்போலோவில். அந்தக் குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதப் பையன். நோய் இதே பிலியரி அட்ரீசியா. கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்தவர் அவன் அப்பா. அந்தப் பையன் வளர்ந்து, படித்து, மருத்துவராகியிருக்கிறார்.

அறுவைக்குப் பிறகு

காசாய் முடிந்த சில நாட்களில் அறுவை மருத்துவர் சுற்றுக்கு வரும்போது தையலைப் பார்ப்பதற்கு முன் துணியைத்தான் கேட்பார். முதல் பச்சை மலம் வந்த அன்று வார்டில் அடுத்த கட்டிலில் இருப்பவர்கள்கூட எழுந்துவந்து பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்குள் ரத்தத்தில் பிலிருபின் இயல்புக்கு இறங்கினால் சொந்தக் கல்லீரலோடு பல ஆண்டுகள் ஓடும் வாய்ப்பு நல்லது.

காய்ச்சல் வந்தாலோ மலம் மறுபடி வெளுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் காலை வரை பொறுக்கக் கூடாது. குடலிலிருந்து கிருமி மேலேறிப் பித்தவழியில் தொற்று உண்டாவது முதல் இரண்டு ஆண்டுகளில் அடிக்கடி நடக்கிறது.

அதன் பின் சில மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தொடரும். மண்ணீரல் வளர்கிறதா, வயிற்றில் நீர் சேர்கிறதா, போர்ட்டல் சிரையில் ரத்தம் சரியான திசையில் ஓடுகிறதா, கல்லீரலுக்குள் பித்தக் குளங்கள் தேங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் எலாஸ்டோகிராபியையும் சேர்த்துக்கொள்வது இப்போது பெருகிவருகிறது. காகித அறிக்கையோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வையுங்கள்; போன ஆண்டுப் படத்தோடு ஒப்பிட முடியாத ஸ்கேன் பாதி ஸ்கேன்தான். புதிய இடத்தில் எடுக்கிறீர்கள் என்றால் குழந்தையைப் படுக்கவைக்கும்முன் ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: காசாய் ஆகியிருக்கிறது, பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். சொல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் அதைத் தேடி அரை மணி நேரம் ஜெல்லைத் தடவிக்கொண்டிருப்பார்.